கை நிற்கும் இடம்

ஜூன் 4

அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. பதினொன்று வரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் போனைக் கையில் தருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தையும் மணி அடிப்பதைக் கேட்டே கழிக்க முடியாது. அதனால் கடிதம். இதை நீ கிழிக்கலாம். ஆனால் நீ துணி வெட்டுகிறவள். எதையும் ஒருமுறை விரித்துப் பார்க்காமல் கிழிக்கமாட்டாய்.

நீ கேட்கப்போவதில்லை, நானே சொல்கிறேன். இது மாத்திரை அட்டை போடும் ஆலை. ஐந்நூறு பெண்கள். ஆலைக்குள்ளேயே விடுதி. விடுதியின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், என் அறை. ஒரு மேசை, ஒரு தலையணை, எண்ணெய் சூடாக்க ஒரு சின்ன அடுப்பு, கடிகாரம். சலவை இயந்திரம் சுற்றும்போது சுவர் அதிரும். என் மேசையும் அதிரும். படுத்திருக்கும் பெண்ணின் வயிறும்.

உள்ளே வேலைக்குப் போக மூன்று உடுப்பு. தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. கழிவறைக்குப் போனால் மூன்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மூன்று மாட்ட வேண்டும். இருபது நிமிடம். அதுவரை வரிசை காத்திருக்கும், வரிசைத் தலைவி முறைப்பாள். ஆகவே இவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. போவதும் இல்லை. நான்கு நாள், ஐந்து நாள். ஒருத்தி ஒன்பது நாள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் அட்டை போடுவது என்ன மாத்திரை தெரியுமா? மலச்சிக்கலுக்கு. "ஊருக்கெல்லாம் வழி திறந்து விடறோம், நம்ம வீட்டுக் கதவு மட்டும் பூட்டு" என்கிறார்கள்.

அதற்குத்தான் நான், எண்ணெய் வைத்து வயிற்றைத் தேய்த்துவிட. வயிற்றுக்கும் மனசுக்கும் சேர்த்து ஒரே ஆள். ஒருத்திக்கு இருபது நிமிடம்.

முதல் நாள் வார்டன் ஒரு ரப்பர் முத்திரையைத் தந்தார். "தேய்ச்சு முடிச்சதும் அவங்க மருத்துவ அட்டையில குத்திடு" என்றார். 'இயல்பு' என்று இருந்தது. இயல்பாக இல்லாவிட்டால் எதைக் குத்துவது என்று கேட்டேன். இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஒரே முத்திரைதான் இருந்தது.

சண்டையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரி மட்டும். ஜனவரியில், நீ சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாயே, "போதும், இனிமே என்மேல கை வைக்காதே" என்று, அதற்குக் காரணம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த வாடிக்கையாளர் அம்மாவிடம் "தங்கச்சி பார்லர்ல இருக்கா" என்று பொய் சொன்னாய். காரணம் அப்போது எனக்குப் புரிந்தது.

வயிறு தேய்ப்பது கேவலமான வேலையாகவே இருக்கட்டும். நான் அதில் கெட்டிக்காரி.

உன் தங்கை


ஜூன் 15

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

கழிவறையைப் பற்றி மூன்று பக்கம் எழுதும் தங்கை யாருக்கும் வாய்த்திருக்க மாட்டாள். சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். தப்பு என்னுடையது.

பார்லர் என்று சொன்னது உண்மைதான். காரணம் நீ நினைப்பது இல்லை. அந்த அம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாலே தனக்கு எங்கெங்கே வாயு நிற்கிறது என்று கைகாட்டுவார். உன் வேலை தெரிந்தால் வெட்டும் மேசையிலேயே ஏறிப் படுத்துவிடுவார்.

ஜனவரியில் சொன்ன இன்னொன்றைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பு இல்லை.

கடையில் சீருடை வேலை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதத்தில் வளர்ந்துவிடுகிறார்கள். மடிப்புப் பிரித்து மடிப்புப் பிரித்து விரல் நுனி தேய்ந்துவிட்டது. என் பாவாடை இடுப்பையும் இரண்டு தடவை பிரித்தேன். உட்கார்ந்தே இருந்தால் சதை போடாமல் என்ன செய்யும். ஆனால் கை மெலிந்திருக்கிறது, வளையல் கழன்று விழுகிறது. சதைக்கும் புத்தி கெட்டுவிட்டது.

மேசை அதிர்ந்தால் காலுக்கடியில் நான்காக மடித்த துணி வை. கம்பளித் துணி. பருத்தி வேண்டாம்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

கம்பளித் துணி வைத்தேன். அதிர்வு நின்றது. நன்றி சொல்ல மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன்.

இந்த அறையில் ஒன்று நடக்கிறது. நான் எதுவும் கேட்பதில்லை. முழங்காலை மடக்கித் தலையணை வைத்து, எண்ணெய்க் கையை வயிற்றின் மேல் சும்மா வைக்கிறேன். அழுத்துவது கிடையாது. வயிறு முதலில் கையைத் தள்ளும். பிறகு, ஐந்து மூச்சோ பத்து மூச்சோ கழித்து, தள்ளுவதை நிறுத்தும். அந்த இடத்தில் அவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். அல்லது அழுகிறார்கள். ஒருத்தி தூங்கிவிட்டாள். எழுப்பியபோது "வரிசை நின்னுடுச்சா?" என்று பதறி எழுந்தாள்.

பிறகுதான் கை நகரும். வலது இடுப்பிலிருந்து மேலே, விலாவுக்குக் கீழே குறுக்காக, இடது பக்கம் இறக்கம். உனக்குத் தெரியும். நான் பயிற்சியில் இருந்த ஒரு வருஷம் தினமும் சாயங்காலம், வெட்டும் மேசையில் துணித்துண்டுகளைத் தள்ளிவிட்டு, வெறும் வயிற்றோடு படுத்தவள் நீ. "பசிக்குதுடி, சீக்கிரம் பிசை" என்பாய். உன் முதுகில் சாக்குக்கட்டிப் பொடி ஒட்டியிருக்கும்.

ஒரு பெண் வருகிறாள். பத்தொன்பது வயது. எந்நேரமும் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருப்பாள், பத்து அட்டை ஒரு பெட்டி, பத்துப் பெட்டி ஒரு கட்டு. அதனால் இவளுக்கு வாய்ப்பாடு என்று பெயர். தேய்க்கும்போதும் உதடு அசையும். எதை எண்ணுகிறாய் என்று கேட்டால் "உங்க சுத்தைத்தான்க்கா. நேத்தைக்கு நாப்பது, இன்னைக்கு முப்பத்தெட்டு. ரெண்டு சுத்து ஏமாத்திட்டீங்க" என்கிறாள்.

அவள் இடது இடுப்பெலும்புக்கு உள்பக்கம் ஒரு உருண்டை இருக்கிறது. எலுமிச்சை அளவு. எங்கள் பயிற்சி மேடம் சொல்லுவார்: "விரலுக்கு வளைஞ்சா மலம். வளையலன்னா நம்ம வேலை இல்லை, கையை எடுத்துடு." இது வளையவில்லை. இரண்டு வாரமாக இடமும் மாறவில்லை.

புதிதாக வந்தவளாக இருந்தால் பயந்திருப்பாள். எனக்குப் பயம் இல்லை. அது எனக்குத் தெரிந்த இடம். உன் வயிற்றிலும் அங்கேதான், அதே மாதிரி, உள்ளே ஒரு உருண்டை. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் என் கை அங்கே போய் நிற்கும், மூன்று மூச்சு எண்ணிவிட்டுத் திரும்பும். சிலருக்கு அப்படித்தான் இருக்கும் போல. இவளுக்கும் அங்கே நிறுத்தி மூன்று மூச்சு எண்ணுகிறேன். ஊரில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

இயல்பு என்று குத்தினேன்.

உன் தங்கை


ஜூலை 2

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுதினேன், நன்றாக வரவில்லை, இன்னொன்று எழுதினேன். இது மூன்றாவது.

அந்த வாய்ப்பாட்டுக்கு இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறதா? இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா? அடிக்கடி எழுந்து போகிறாளா? மூன்று உடுப்பு மாட்டிக்கொண்டு எப்படித்தான் அடக்குகிறாளோ. முதுகு வலி என்கிறாளா? உருண்டை பெரிதாகிறதா, அதே அளவில் நிற்கிறதா?

சும்மாதான் கேட்கிறேன். உன் கடிதத்தில் அவள் ஒருத்திதான் முகத்தோடு இருக்கிறாள்.

அவளை டாக்டரிடம் காட்டு. என் வயிற்றை வைத்து யார் வயிற்றையும் அளக்காதே. ஒருவர் அளவில் இன்னொருவருக்கு வெட்டினால் துணிதான் பாழ். இதை நான் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை.

கடை இந்த வாரம் இரண்டு நாள் திறக்கவில்லை. மழை.

அக்கா


ஜூலை 9

அக்கா,

குத்திக்காட்ட எழுதவில்லை என்று எழுதினால் குத்து இறங்காது என்று நினைப்பா? ஒரு வருஷம் உன் வயிறுதான் எனக்குப் பாடப்புத்தகம். மற்ற பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் பழகினார்கள், நான் வீட்டுக்கு ஓடி வந்து உன்மேல் பழகினேன். இப்போது அந்தப் புத்தகத்தைத் தொடாதே என்கிறாய். முதலில் கையை எடு என்றாய். இப்போது ஞாபகத்தையும் எடுக்கச் சொல்கிறாய்.

மழை என்றாயே. இங்கே செய்தித்தாள் வருகிறது. உன் பக்கம் அந்த வாரம் மழை இல்லை.

கேட்டதற்குப் பதில். ஆமாம், இரண்டு வாயில் வயிறு நிறைகிறது. ஆமாம், இடது பக்கம் படுக்க முடிவதில்லை. நீ எழுதியதையெல்லாம் அவளிடம் அப்படியே கேட்டேன். "உங்க அக்கா டாக்டரா? நேர்ல பார்த்த மாதிரி கேக்கறாங்க" என்றாள். தையல்காரி என்றேன். "அதான். உள்துணி வரைக்கும் தெரியுது" என்று சிரித்தாள்.

டாக்டர் புதன்கிழமைகளில் வருவார். இன்றைக்கு அனுப்பினேன். அவர் அவளுடைய மருத்துவ அட்டையைப் பார்த்தார். இயல்பு, இயல்பு, இயல்பு, வரிசையாக என் முத்திரை. வயிற்றைப் பார்க்கவில்லை. அவர்கள் போடும் அதே மாத்திரையில் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார். வாய்ப்பாடு அதைத் திருப்பிப் பார்த்து, "இது என் வரிசைல போட்டதுக்கா, ஓரத்தைப் பாருங்க, நான் மடிச்சது" என்றாள்.

இப்போது அவளுக்கு நடுநடுவே வலி வருகிறது. சுருக்கென்று வரும், வியர்க்கும், வாந்தி வருகிற மாதிரி இருக்கும். ஓடி வருவாள். நான் எண்ணெயைச் சூடாக்கிக் கையை வைப்பேன். கால் மணி நேரத்தில் போய்விடும். போய்விடுகிறது அக்கா. என் கைக்குக் கீழே வலி கலைவதை நான் உணர்கிறேன். அவள் மறுபடி மூன்று உடுப்பையும் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறாள்.

"நீ கை வெச்சா சரியாயிடுது, அப்புறம் டாக்டர் எதுக்கு?" என்றார் வார்டன். பெருமையாக இருந்தது. மறைக்கப்போவதில்லை.

உன் தங்கை


ஜூலை 16

அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. வார்டனைக் கேட்காதே. புதன்கிழமைக்குக் காத்திருக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிடமே.

கையை வைக்காதே. வலித்தால் வலிக்கட்டும். வலி இருந்தால்தான் யாராவது பார்ப்பார்கள்.

காரணம் கேட்காதே. எனக்குத் தெரியும்.

கையெழுத்துக் கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

உன் கடிதம் இருபத்தொன்றாம் தேதி வந்தது. நடந்தது இருபதாம் தேதி. ஒரு நாள்.

காலை ஷிப்டு. இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை, முகம் அதைவிட வெள்ளை. மேசையில் படுக்க வைத்தேன். எண்ணெய் சூடாக்கினேன். கையை வைத்தேன்.

வயிறு பலகை. கையைத் தள்ளவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அங்கே யாரும் இல்லாத மாதிரி.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு வரை போய் மறுபடி ஒன்றிலிருந்து. ஏழைத் தாண்டவே இல்லை. எத்தனை நிமிடம் கையை வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. கடிகாரம் எதிரில்தான் இருந்தது. வைத்திருந்தேன். போய்விடும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் போனதே.

பிறகு வாந்தி. பிறகு வண்டி.

சினைப்பையில் கட்டியாம். அது காம்போடு முறுக்கிக்கொண்டதாம். கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, தளர்ந்து, முறுக்கி, தளர்ந்து, கடைசியில் முழுசாக. ஒரு பக்கத்துச் சினைப்பை கறுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டாள். இப்போது கஞ்சி குடிக்கிறாள். எண்ணுவதில்லை.

அறுவை செய்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். கையை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இந்த வயித்தைத் தேய்க்கறீங்க?"

"ஏழு வாரமா."

"கட்டி கைக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சது."

"தெரிஞ்சுமா?"

"சிலருக்கு அங்க அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"சிலருக்குன்னா? யாருக்கு?"

அக்கா, நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டே பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒருத்தி உள்ளே படுத்திருக்கிறாள்.

நூற்றுக்கணக்கான வயிறு பார்த்துவிட்டேன். வேறு யாருக்கும் இல்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். மற்றவர்களுடைய வயிற்றில் அந்த இடம் வெறுமையாக இருந்தபோதெல்லாம் என் கை தடுமாறியது. ஏதோ குறைகிற மாதிரி. அவர்களுக்குத்தான் ஏதோ இல்லை என்று நினைத்திருக்கிறேன். என் கை பழகியது உன்மேல். அதற்கு நீதான் இயல்பு.

அவர் கடைசியாகச் சொன்னது: "நீங்க தேய்ச்சதால வந்துச்சுன்னு நான் சொல்லல. தேய்ச்சதால லேட்டாச்சுன்னு சொல்றேன்."

உன் பாவாடை. கழலும் வளையல். பெய்யாத மழை. இரண்டு வாயில் நிறையும் வயிறு. நீ அவளைப் பற்றிக் கேட்கவில்லை. பட்டியல் போட்டுக் கேட்டாய், அந்தப் பட்டியல் உன்னுடையது.

போ. இன்றைக்கே போ. ஞாயிறு பத்து மணிக்குப் போன் செய்வேன். எடு. தயவுசெய்து எடு.

வாலு


ஜூலை 31

வாலு,

சண்டைக்குப் பிறகு நீ அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டதில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கவில்லை. பக்கத்தில்தான் இருந்தது. என் குரலைக் கேட்டிருந்தால் நீ எண்ணெய்க் கையோடு ஓடி வந்திருப்பாய். இதை முழுசாகச் சொல்லி முடித்த பிறகு வா.

ஜனவரியில் நடந்தது. வயிற்றின் இடது பக்கம் இறங்கி வந்த உன் கை நின்றது. எப்போதும் நிற்கும் இடம். எனக்கு அன்றைக்கு அங்கே வலித்தது, முதல் தடவையாக. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கை நகர்ந்துவிட்டது, ஒன்றுமே இல்லாத மாதிரி.

உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வருஷமாகவே தெரியும், தினமும் அங்கே நிறுத்திப் பார்க்கிறாய், சொல்லப் பயந்துகொண்டு பேசாமல் இருக்கிறாய் என்று. அடுத்த மாதமே இந்த வேலை கிடைத்துக் கிளம்பினாய். ஓடுகிறாள் என்று நினைத்தேன். கூடப் பிறந்தவள் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுகிறாள். அதனால்தான் போனை எடுக்கவில்லை. இவ்வளவுதான் நம் சண்டை.

உன் ஜூன் கடிதத்தில் அதை ஊர் ஞாபகம் மாதிரி எழுதியிருந்தாய். சாப்பிட்ட தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எதுவுமே தெரியாது. தெரியாமல்தான் மூன்று மூச்சு எண்ணியிருக்கிறாய்.

நான் முதலில் எழுதிய பதிலில் உண்மை இருந்தது: எனக்கு இருப்பது இயல்பு இல்லை, வளர்கிறது, அவளுக்கும் இருந்தால் உடனே ஓடு என்று. தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். போட்டால் நீ வந்துவிடுவாய். வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் இல்லாத வரைக்கும் அது வெறும் சதை. திரும்பி வந்துவிட்டேன். உனக்கு வந்தது மூன்றாவது பதில், நறுக்கி, ஓரம் மடித்துத் தைத்தது. என் தொழில் அதுதானே.

முதல் கடிதம் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு சினைப்பையும் இருந்திருக்கும். டாக்டரம்மா தாமதம் என்று உன்னிடம் சொன்னார். அதில் பாதி என்னுடையது. எடுத்துக்கொள்கிறேன். அவளிடம் நீ சொல்லாதே, நானே ஒருநாள் சொல்கிறேன். அந்த ஒருநாள் இருக்கிறதா என்று பார்ப்போம்.

உறையில் என் அளவு நாடா இருக்கிறது. நீலப் பேனாவால் ஏழு புள்ளி. ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஒன்று, என் இடுப்பு. வாடிக்கையாளர் அளவை நோட்டில் எழுதுவேன், என்னுடையதை நோட்டில் எழுத மனசு வரவில்லை. முதல் மூன்று புள்ளியும் ஒட்டி ஒட்டி இருக்கும். கடைசி மூன்றைப் பார். பார்த்துவிட்டுச் சுருட்டி வை.

போய் வந்துவிட்டேன். ஸ்கேன் படம் எடுத்தார்கள். இருட்டு அறை, வயிற்றில் குளிர்ந்த பசை. ஒரு பெண் கருவியை வைத்து உருட்டினாள். வலது இடுப்பிலிருந்து மேலே, குறுக்காக, இடது பக்கம் இறக்கம். உன் பாதைதான். இடது பக்கம் வந்ததும் அவள் கை நின்றது.

அவள் மூச்சு எண்ணவில்லை. எழுந்து போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை ஏழாம் தேதி காலையில் திறக்கிறார்கள். திறந்தால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். டாக்டர் நல்ல மாதிரி. சிரித்தார். ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும் என்றார்கள். கூடப் பிறந்தவர் யாராவது. தங்கை இருக்கிறாள் என்றேன். "என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். பார்லர் என்று சொல்லவில்லை.

வா. எண்ணெய் வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்கா,

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் நாற்பது நிமிடம். விடுதியில் சொல்லிக்கொள்ளவில்லை. முத்திரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வார்டன் இன்னொன்று செய்துகொள்வார், தெரியும். ஒரு நாளைக்காவது அங்கே எதையும் குத்த முடியாது.

வாய்ப்பாட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னைப் பற்றிச் சொன்னேன், எல்லாவற்றையும் இல்லை. அவளை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே யாரையும் தேய்க்க மாட்டீங்களாக்கா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "தேய்ங்க. ஆனா கை எங்கயாவது நின்னா சொல்லிடுங்க" என்றாள்.

நாடா என் மணிக்கட்டில் சுற்றியிருக்கிறது. கடைசி மூன்று புள்ளியைப் பார்த்தேன். நடுவே என் இரண்டு விரல் கொள்கிறது.

ஒன்று மட்டும். நான் அங்கே கையை நிறுத்தியது பார்ப்பதற்காக இல்லை. பயந்தும் இல்லை. உன் வயிற்றில் அது ஒன்றுதான் என் கைக்குப் பிடிபட்ட அடையாளம். மற்றதெல்லாம் மெத்தென்று நழுவும், எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. அங்கே வந்தால் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று தெரியும். அதனால் நின்றேன். ஒரு வருஷம் தினமும் உன் கட்டியைத் தொட்டு வீடு என்று நினைத்திருக்கிறேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். நாளைக் காலை உன் பக்கத்தில் இருப்பேன், கையெழுத்துப் போடுவேன், நாற்காலியில் உட்காருவேன். கையை என் மடியிலேயே வைத்துக்கொள்வேன். இது வெள்ளியோ சனியோ வந்து சேரும். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். அப்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டோம்.

அது தரையில் கிடக்கட்டும். நான் எடுக்கமாட்டேன். துணி எடுக்க, சாவி எடுக்க, எதற்கு வீட்டுக்கு வந்தாலும் தாண்டித்தான் போவேன். உறையின் மேல் உன் பெயர்தான் எழுதியிருக்கிறேன். நீ வந்து, குனிந்து, எடுத்து, விரித்துப் பார்க்க வேண்டும்.

குனியும்போது தையல் இழுக்கும். மெதுவாக.

வாலு